மூன்று முறை திரும்பி வந்த பிரேக்

அத்தியாயம் 5

திருடன் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதுதான் வழக்கே.

எடுத்துப் போகாதது மட்டுமல்ல, உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் மூன்று தடவை. ஒர்க்‌ஷாப்புக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலை மெக்கானிக் வந்து கதவைத் திறந்தால், அந்த அறுபது வயதுப் பச்சைக் காரில் அவர் முதுகொடிய மாட்டிய புது டிஸ்க் பிரேக் மொத்தமும் கழற்றப்பட்டிருக்கும். சும்மா கழற்றிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும். காரில் பழைய டிரம் பிரேக் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். கிரீஸ் தடவி, பிரேக் ஆயில் நிரப்பி, ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தாமல்.

“இந்தத் திருடன் கெடைச்சா போலீஸ்ல கொடுக்க வேண்டாம் அண்ணி. என் ஸ்கூட்டரைக் கொடுப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை போதும்,” என்றான் கொழுந்தன்.

சர்வேயரம்மா காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, ‘வண்டி சொல்வது உண்மை, உரிமையாளர் சொல்வது பொய்’ என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, துப்பறிய ஆரம்பித்துவிட்டார். உதவிக்கு வாய்த்தது கணவரின் தம்பி. வயது நாற்பத்தைந்து. இதுவரை பார்த்த ஒன்பது வேலைகளிலும் அவனை வெளியே அனுப்பியது அவனுடைய வாய்தான்.

மெக்கானிக் நான்காவது தடவையாக டிஸ்க் பிரேக்கை மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தூக்கமில்லை.

“என் வேலையைக் கெடுத்துட்டுப் போயிருந்தா மனசு ஆறியிருக்கும்மா. என்னைவிட நல்லா செஞ்சிட்டுப் போயிருக்கான். அதைத்தான் தாங்க முடியல.”

“பூட்டு?”

“கீறல்கூட இல்ல. சாவித் துவாரத்துல நேத்து நீங்க எடுத்தீங்களே, அந்தப் பஞ்சு மட்டும்தான்.”

பஞ்சு சர்வேயரம்மாவின் கைப்பையில் இருந்தது. அரிசி அளவு. கிராம்புத் தைல வாசனை.

“பூட்டுக்குப் பல்வலி போல. மருந்து வெச்சு, வலிக்காமத் திறந்திருக்கான்,” என்றான் கொழுந்தன்.

சர்வேயரம்மா சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் உளறியதில் ஏதோ உபயோகமானது வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எது என்று அவனுக்கே தெரியாது.

அப்போது உள்ளே வந்தார் வழக்கைக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற நீதிபதி. நடக்கும்போதே எதிரில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றும் நடை. பழைய கார் சங்கத்தின் தலைவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் அறுபது கார்கள் மலைச்சாலையில் இறங்கப் போகின்றன. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இல்லாத கார் இறங்கக் கூடாது என்பது புது விதி. விதியை எழுதியது அவர்தான். அதில் முதலில் மாட்டிக்கொண்டதும் அவர்தான். அன்று மேடையில் அவருக்கு ஒரு பதக்கமும் உண்டு. முப்பத்திரண்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டியதற்கு.

“உபதலைவரை விசாரிச்சீங்களா? அவருக்குத்தான் இந்தப் பதக்கத்து மேல கண்ணு,” என்றார்.

“விசாரிச்சோம் ஐயா. ரெண்டு கையிலயும் கட்டு. போன மாசம் பானெட்டை மூடும்போது கையை வெளிய எடுக்க மறந்துட்டாராம். சாப்பாடே ஊட்டி விடறாங்க,” என்றான் கொழுந்தன்.

நீதிபதி காரின் மூக்கைத் தடவினார். “டிரம்மோ டிஸ்க்கோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. இந்த வண்டிக்கும் எனக்கும் ஒரு உறவு. நிறுத்தணும்னு நான் நினைப்பேன். பெடல்ல கால் வைக்கறதுக்குள்ள அதுவே நின்னுடும். எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், ஒருத்தரும் நம்பல.”

“நான் நம்பறேன்,” என்றார் சர்வேயரம்மா.

கொழுந்தன் அண்ணியைக் கவலையோடு பார்த்தான்.

“டாக்டரம்மா வரலையா?” என்று சர்வேயரம்மா கேட்டார். நீதிபதியின் மனைவி பல் டாக்டர். சரிவின் கீழே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய கிளினிக்.

“நாலு மணிக்கு வரேன்னா. அவ வராம வண்டியைத் தொடக் கூடாதாம். என்னைத் தனியா விட்டதே இல்ல. வண்டி வெளிய கிளம்பினா பாதி பல்லைப் பிடுங்கினபடியே விட்டுட்டு வந்து பக்கத்துல உட்காருவா. முப்பத்திரண்டு வருஷமா. அவ்வளவு பாசம்.”

சொல்லிவிட்டு நீதிபதி வாசலில் யாருடனோ போனில் பேசப் போய்விட்டார். மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயாவுக்குப் புது பிரேக் பழகவே இல்லம்மா. முதல் தடவை மாட்டினப்ப டாக்டரம்மாவுக்குத் தெரியாம அவரோட ட்ரையல் போனேன். மூணு இடத்துல நான்தான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். ஒரு சுவரு, ஒரு தண்ணி லாரி, இன்னொண்ணு அவரோட வீடே.”

சர்வேயரம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, காரின் கூரையை விரலால் தடவினார். பெயின்டுக்கு அடியில் நான்கு புள்ளிகள். ஏதோ நான்கு ஓட்டைகளை யாரோ எப்போதோ அடைத்திருக்கிறார்கள். இறங்கிக் கதவைத் திறந்து குனிந்தார். ஓட்டுநர் பக்கத்துத் தரைவிரிப்பு நடுப் பெடலுக்குக் கீழே புதிதுபோல இருந்தது. பக்கத்து இருக்கைக்கு முன்னால் மட்டும் ஒரு குதிகால் அளவுக்கு நூல் தெரியத் தேய்ந்திருந்தது. அந்த இடத்தைக் கையால் அழுத்தினார். அடியில் ஏதோ ‘டக்’ என்று அசைந்தது.

“பழைய பிரேக்கோட சேர்ந்து வேற ஏதாவது கழட்டினீங்களா?”

மெக்கானிக் யோசித்தார். “வண்டிக்கு அடியில குறுக்கால ஒரு கம்பி சும்மா கெடந்துது. எதுக்குன்னு தெரியல. புது பெடல்ல அதை மாட்ட இடமும் இல்ல. கழட்டிப் பழைய இரும்பு டின்ல போட்டேன்.”

“மூணு தடவையும்?”

“ஆமாம்மா. அந்தத் திருடன் மூணு தடவையும் டின்னைக் கொட்டி, அதையும் தேடி எடுத்து மாட்டிட்டுப் போயிருக்கான். அது எதுக்கு அவனுக்கு?”

சர்வேயரம்மா டின்னுக்குள் கையை விட்டு, முழங்கை நீளத்தில் வளைந்த ஒரு கம்பியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தார்.

“தம்பி, ஸ்கூட்டரை எடு.”

“எங்க அண்ணி?”

“உனக்குப் பல்வலி. டாக்டரைப் பாக்கணும்.”

“எனக்கு எந்த வலியும் இல்லையே!”

“வாயை மூடிட்டு வரலைன்னா வரும்.”

சரிவில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, கிளினிக்கை அடைய நான்கு நிமிடம் ஆனது. அதில் ஒரு நிமிடம், கிளினிக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வர ஸ்கூட்டர் தானாகவே எடுத்துக்கொண்டது. அதன் பிரேக் நிலைமை அப்படி.

டாக்டரம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. மெலிந்த கை, ஆனால் மணிக்கட்டில் நரம்பு கயிறு மாதிரி. நாற்காலியில் ஒரு நோயாளி வாயைப் பிளந்து படுத்திருந்தார். மரத்துப்போகும் ஊசி போட்டாகிவிட்டது. டாக்டரம்மா தட்டிலிருந்த கருவிகளை வெள்ளைத் துணிமேல் அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியதிலிருந்து சிறியது வரை.

கொழுந்தன் அந்த வரிசையைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை.

சர்வேயரம்மா அந்த வரிசையின் கடைசியில் கம்பியை வைத்தார்.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. “இதை ஏன் இங்க எடுத்துட்டு வந்தீங்க? இது இல்லாம அவரு வண்டியைத் தொட்டுடப் போறாரு!”

“இது என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்.”

நோயாளியின் வாய் ஏற்கெனவே திறந்திருந்ததால் அவருடைய ஆச்சரியம் வெளியே தெரியவில்லை.

“நானே சொல்றேன்,” என்றார் சர்வேயரம்மா. “அந்த வண்டி உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி டிரைவிங் ஸ்கூல் வண்டி. கூரையில போர்டு மாட்டின ஓட்டை இன்னும் இருக்கு. சொல்லிக் கொடுக்கறவர் பக்கத்துல உட்கார்ந்து மிதிக்க ரெண்டாவது பிரேக் பெடல் வெச்சிருப்பாங்க. விரிப்புக்கு அடியில அது இன்னும் அசையுது. அதையும் பெரிய பெடலையும் இணைக்கற கம்பி இது. திருடன் டிரம்முக்காக வரல. இதுக்காக வந்தான். ஆனா இதை மாட்டப் பழைய பெடல் வேணும், அதுக்குப் பழைய பிரேக் வேணும். ஒண்ணைத் தொட்டா எல்லாத்தையும் தொடணும்.”

“அப்படின்னா…” கொழுந்தனுக்குக் குரல் திரும்பியது. “முப்பத்திரண்டு வருஷமா வண்டியை நிறுத்தினது ஐயா இல்லையா?”

டாக்டரம்மா கையுறையோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒரு தடவைகூட இல்ல,” என்றார்.

நோயாளி “ஆ?” என்றார்.

“வண்டி வாங்கின முதல் நாள். கடைத்தெருவுக்குள்ள அப்படியே போறாரு. முன்னாடி ஒரு தள்ளுவண்டி. எனக்குப் பயத்துல கால் தானா தரையை மிதிச்சுது. வண்டி நின்னுடுச்சு. இவரு என்னைத் திரும்பிப் பாத்து, ‘பாத்தியா, நான் நினைச்சேன், நின்னுடுச்சு’ன்னாரு. கல்யாணமாகி ஆறு வருஷத்துல அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. கோர்ட்ல எல்லாருக்கும் தீர்ப்பு சொல்லிச் சொல்லி இறுகிப் போன மனுஷன். சொல்ல மனசு வரல. மறுநாள் சொல்லலாம்னு நெனச்சேன்.”

“மறுநாள்?”

“மறுநாளும் சிரிச்சாரு.”

“வேலையை எங்க கத்துக்கிட்டீங்க?” என்றான் கொழுந்தன்.

“அவரு கோர்ட்டுக்குப் போன நேரத்துல அந்த டிரம்மைக் கழட்டிச் சுத்தம் பண்றது யாருன்னு நெனச்சீங்க? பூட்டுக்குக் கிராம்புத் தைலமும் பல் குடையற ஊசியும் போதும். பல்லைவிட டிரம் சுலபம். கத்தாது, துப்பாது, நடுவுல வாயை மூடாது.”

“அந்த மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, புது பிரேக்லயும் ரெண்டாவது பெடல் வெச்சுக் கொடுத்திருப்பாரே,” என்றார் சர்வேயரம்மா.

“அவருக்கு வாய் பெரிசு. நான் அளந்து பாத்திருக்கேன்.”

சர்வேயரம்மாவின் போன் அடித்தது. மெக்கானிக். மூச்சிரைத்தது.

“அம்மா, ஐயா வண்டியை எடுத்துட்டாரு! டாக்டரம்மாவை நாலு மணி வரைக்கும் காக்க வைக்க வேண்டாம், நானே போய்க் கூட்டிட்டு வரேன்னு கிளம்பிட்டாரு. தனியா! நான் பின்னாடியே ஓடி வரேன்!”

டாக்டரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கையுறையும் முகமூடியுமாகத் தெருவில் இறங்கி ஓடினார். பின்னால் சர்வேயரம்மா, கொழுந்தன். அவர்களுக்குப் பின்னால், கழுத்தில் பிளாஸ்டிக் துண்டு கட்டிய நோயாளி. அவர் ஏன் ஓடினார் என்று தெரியவில்லை. கதை பாதியில் நின்றது பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. தூரத்தில் ரயில் ஊதியது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஏழெட்டு சைக்கிள்களும், நிறைய முட்டைத் தட்டுகளோடு ஒரு வேனும் காத்திருந்தன. அந்தப் பக்கம் சரிவு காலியாகக் கிடந்தது. அதன் உச்சியில் பச்சைக் கார் தலை காட்டியது.

இறங்கியது. வேகம் கூடிக்கொண்டே இறங்கியது. நீதிபதி ஒரு கையை வெளியே நீட்டி மனைவிக்கு டாட்டா காட்டினார்.

“அவரு பிரேக்கை மிதிக்கலையே!” என்றான் கொழுந்தன்.

“மிதிக்க மாட்டாரு. வண்டி தானா நிக்கும்னு காத்துட்டிருக்காரு,” என்றார் சர்வேயரம்மா.

டாக்டரம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “ஏங்க! நடுவுல இருக்கறது! நடுவுல இருக்கற பெடலை மிதிங்க!”

ரயிலின் ஊதல் அதை முழுங்கியது. கார் இன்னும் பெரிதானது. டாக்டரம்மா கம்பியை விட்டார். முகமூடியைப் பிய்த்து எறிந்தார். இரண்டு கையாலும் வெள்ளைக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் நின்று, வலது காலால் தரையை மிதித்தார். மறுபடி மிதித்தார். ரோடு உடைந்துவிடும்போல மிதித்தார். என்ன ஏது என்று தெரியாமலே நோயாளியும் மிதித்தார். கொழுந்தன் மிதித்தான். சைக்கிள்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் நீதிபதியின் முகத்தில் முதலில் குழப்பம் தெரிந்தது. பிறகு பயம்.

அந்த நொடியில் ரயில் குறுக்கே வந்தது.

சரக்கு ரயில். ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள், மூடிய கதவுகள், இடைவெளியில் ஒன்றும் தெரியாத வேகம். டாக்டரம்மாவின் கால் நிற்கவில்லை. சின்னச் சின்னதாகத் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. சர்வேயரம்மா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

“முப்பத்தெட்டு… முப்பத்தொன்பது…” என்று கொழுந்தன் பெட்டிகளை எண்ணினான்.

“தம்பி, சும்மா இரு.”

“எண்ணலைன்னா அழுதுடுவேன் அண்ணி.”

நாற்பத்து நான்காவது பெட்டி போனது. கடைசிப் பெட்டியின் சிவப்புக் கொடி போனது.

அந்தப் பக்கத்துக் கேட்டை முகர்ந்து பார்ப்பதுபோல நின்றிருந்தது பச்சைக் கார். நடுவில் ஒரு உள்ளங்கை வைக்கலாம். ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள் நேராக வந்து முடிந்திருந்தன. நீதிபதி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்.

கேட் திறந்ததும் டாக்டரம்மா தண்டவாளத்தைத் தாண்டி ஓடி, கார்க் கதவைத் திறந்தார்.

“இது இவ்வளவு ஆழமா போகுமா?” என்றார் நீதிபதி. இன்னும் பெடலை மிதித்துக்கொண்டுதான் இருந்தார். “இதை நான் மிதிச்சதே இல்ல போலிருக்கே.”

“இல்லீங்க.”

“நீதானா?”

“ஆமாங்க.”

“எல்லாத் தடவையும்?”

“எல்லாத் தடவையும்.”

பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நீதிபதியின் காதில் விழவில்லை.

“லைசென்ஸ் இல்லாம முப்பத்திரண்டு வருஷம் வண்டியை நிறுத்தியிருக்க.”

“நிறுத்தறதுக்கு லைசென்ஸ் வேணுமா என்ன?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “சட்டத்துல அப்படி எதுவும் இல்ல,” என்றார் கடைசியில். “ரொம்பப் பயமா இருந்திருக்குமே உனக்கு.”

“வண்டி ஏறினா இருக்கும். இறங்கினா போயிடும்.”

நீதிபதி கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “நீ ஓட்டு. நான் இந்தப் பக்கம் உட்கார்றேன்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுங்க,” என்றார் டாக்டரம்மா. “நிறுத்த மட்டும்தான் தெரியும்.”

அதற்குள் மெக்கானிக் சரிவில் ஓடி வந்து காரின் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினார். சர்வேயரம்மா நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

“ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இந்தப் புது பிரேக்கோட இன்னொரு பெடல் மாட்ட முடியுமா?” என்று நீதிபதி கேட்டார்.

“மறுபடியும் கழட்டணுமா?” மெக்கானிக்குக் கண் கலங்கியது.

“நானும் கூட வந்து செய்யறேன்,” என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வாரத்துக் கோபம் முகத்தில் வந்தது, நின்றது, வேறு எதுவாகவோ மாறியது. கையைக் கட்டிக்கொண்டார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. டிரம்முக்குப் பின்னாடி உள்ள தள்ளி ஒரு போல்ட்டு இருக்குமே. எனக்கு அங்க கண்ணும் எட்டல, கையும் எட்டல. நீங்க எப்படி…”

டாக்டரம்மா கோட்டுப் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். மெக்கானிக் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அறுபது கார்கள் மலையில் இறங்கின. முடிவுக்கோட்டில் பச்சைக் கார் மட்டும்தான் வெள்ளைக் கோட்டின் மேல் அப்படியே மெத்தென்று நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. உபதலைவர் இரண்டு கட்டுக் கைகளுக்கு நடுவே பதக்கத்தை இடுக்கிக்கொண்டு வந்து நீட்டினார். மைக்கை நீதிபதியிடம் கொடுத்தார்கள்.

கொழுந்தன் மூச்சைப் பிடித்தான். “சொல்லிடுவாரா அண்ணி?”

“முப்பது வருஷம் சத்தியம் வாங்கின மனுஷன். சொல்லாம எப்படி?”

நீதிபதி தொண்டையைச் செருமினார். கோர்ட்டில் பேசும் குரல்.

“இந்த வண்டியை ஓட்டினது மட்டும்தான் நான். முப்பத்திரண்டு வருஷமா நிறுத்தினது என் மனைவி. பதக்கம் நிறுத்தினவங்களுக்குத்தான் சேரணும்.”

மைதானமே வெடித்துச் சிரித்தது. கணவன்மார்கள் ஒருவர் தொடையில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மனைவிமார்கள் கைதட்டினார்கள். அந்த வருடத்தின் சிறந்த நகைச்சுவை அதுதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். கூட்டத்தில் சிரிக்காதவர்கள் மூன்று பேர்தான்: சர்வேயரம்மா, கொழுந்தன், மெக்கானிக்.

நீதிபதி திகைத்துப் போய் மைக்கைப் பார்த்தார். “நான் உண்மையைத்தானே சொன்னேன்?”

“சொன்னீங்க. சிரிக்கட்டும், விடுங்க.” டாக்டரம்மா பதக்கத்தை வாங்கிக் கைப்பையில் போட்டு மூடினார். “வண்டியை எடுங்க. மூணு மணிக்கு ஒரு கடவாய்ப்பல் காத்துட்டிருக்கு.”